நிகர எடை

வேலந்தாவளத்துக்கு இந்தப் பக்கம்
ரோட்டோர எடைமேடையில் ராத்திரி ஷிப்ட்.
தேங்காய் லோடு வரும், செங்கல் வரும்,
வைக்கோல் ஏற்றி ஒருபக்கம் சாய்ந்தபடி ஒன்று வரும்.
வண்டி நம்பர் கேட்டுச்
சீட்டுக் கிழித்துக் கொடுப்பது என் வேலை.

அவள் சீட்டுக்கு நிற்பதில்லை.
கதவிடுக்கில் முதலில் மீசை,
பிறகு முழுப் பூனை.
மேசைக் கால், நாற்காலிக் கால், என் கால்
எல்லாவற்றிலும் கன்னம் இழைப்பாள்.
மரத்துக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லையா என்று
கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது.
பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.
நாற்காலிக்கு ஒரு தடவை.
எனக்குப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று,
கடைசியில் வாலைக் கெண்டைக்காலில் சுற்றி
முடிச்சுப் போடாமல் விடுவது ஒன்று.

ஒருநாள் மேடை நடுவே உட்கார்ந்து
நெஞ்சை நக்கிக்கொண்டிருந்தாள்.
உள்ளே திரையைப் பார்த்தேன்.
நாற்பது டன் தாங்கும் மேடை
அவளைப் பூஜ்யம் என்றது.
அதையும் அச்சடித்தேன்.
வண்டி நம்பர் இல்லை, சரக்கு இல்லை, நிகர எடை 0.
இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது.

நான் குளித்துவிட்டு வந்தால் அவளுக்குக் கோபம்.
சோப்பு என்னத்தையோ அழித்திருக்கும்.
தலையால் முட்டி, தாடையை இழுத்து,
உதட்டோர ஈரத்தைப் பேண்ட்டில் ஒற்றி
முதலிலிருந்து மறுபடி எழுதுவாள்.
என்ன எழுதுகிறாள் என்று குனிந்து முகர்ந்திருக்கிறேன்.
டீசல். என் வேர்வை. அவ்வளவுதான்.

ஆனால் பேக்கரி வாசலில் கிடக்கும் கடுவன்,
யார் செருப்பிலும் தலை வைத்துத் தூங்குகிறவன்,
என் கணுக்காலைக் கொஞ்ச நேரம் படித்துவிட்டு
முதுகு மயிர் சிலிர்க்க விலகிப் போனான்.
டீ ஆறும்வரை எனக்குப் பெருமையாக இருந்தது,
இந்த வயசில் ஒருத்தி என்னைத்
தன்னது என்று எழுதி வைத்திருப்பது.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம்
நெற்றியில் சந்தனத்தோடு வந்து நின்றாள்.
இரண்டு கண்ணுக்கும் நடுவே, ஒரு விரல் அகலம்,
ஈரம் காயாமல்.

நான் பேசவில்லை.
அவள் தொடையில் ஏறி
முன்னங்காலை மாற்றி மாற்றி மாவு பிசைந்தாள்.
நகம் துணிக்குள் லேசாக இறங்க
பாதிக் கண்ணை மூடினாள், திறந்தாள்.
தப்புச் செய்தவள் முகமே இல்லை.

விடிந்து, ஷிப்ட் முடிந்து, பின்னாலேயே போனேன்.
ஆளில்லாத செக்போஸ்ட் ஷெட்டுக்குள் நுழைந்து வெளியேறி
எல்லைக் கல்லில் போகிற போக்கில் கன்னம் இழைத்தாள்,
நாற்காலிக்குப் போலவே, ஒரு தடவை.
அந்தப் பக்கம் லாட்டரிக் கடை.
கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஷைலஜா.
கருநீலச் சுடிதாரின் ஓரமெல்லாம் வெள்ளை மயிர்.
"மாளூ" என்றாள்.
என் பூனை திரும்பிப் பார்த்தது.
நான் பேர் வைத்ததில்லை. "ஏய்" என்பேன், வருவாள்.

ஒரு டிக்கெட் கேட்டேன்.
எடுக்கக் குனிந்தவள் என் முழங்காலுக்குக் கீழே
அதே வெள்ளையைப் பார்த்து நின்றாள்.
"ஓ" என்றாள். "ராத்திரி நிங்ஙளாணோ?"
நான்தான் என்றேன்.
பின்னால் நின்ற பைக்காரர் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார்.
மிச்சம் தந்த விரலில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.
டிக்கெட்டுக்கு ஒன்றும் விழவில்லை.

அன்றிரவு என் விரல் நுனியில்
மூக்கை வைத்தவள் எடுக்கவே இல்லை.
வாய் லேசாகத் திறந்திருக்க
வெகுநேரம் படித்தாள்.
பிறகு, நடுவில் ஏதோ பிழை கண்டதுபோல,
அதன்மேல் கன்னத்தால் ஓர் இழுப்பு.

வெளியே செங்கல் லாரி ஹாரன் அடித்தது.
தொடை மரத்துப்போயிருந்தது.
உட்கார்ந்தபடியே கையைக் காட்டினேன்,
கொஞ்சம் இருங்கள் என்று.